வெள்ளிக்கிழமை மத்தியானம்

முப்பத்தாறாம் நம்பர் உள்ளே போனது. நாகஜோதியின் கையில் இருந்த சீட்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. நடுவில் இன்னும் நாலு பேர், நாலு பேருக்கும் காதோ மூக்கோ தொண்டையோ, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் இருபது நிமிஷம், அதற்குள் அண்ணனிடம் சொல்லிவிடலாம், இருபது நிமிஷம் என்பது லேசான நேரமில்லை, அந்த நேரத்தில் அவள் உலை வைத்துச் சோறு வடித்துவிடுவாள், மகள் லக்சிதாவுக்குத் தலை பின்னி, அவள் கலைத்ததைத் திரும்பவும் பின்னிவிடுவாள், சொல்ல வேண்டியது ஒரே ஒரு சங்கதிதான், அண்ணே, எனக்கு வாய் கோணினது ஆபரேஷன் அன்னைக்கு இல்ல, மூணு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை மத்தியானம், தெரிஞ்சும் நான்தான் மறைச்சேன். அவ்வளவுதான். அண்ணன் சோலையப்பன் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தான். அவளுடைய இடது காதுக்குள் மருந்துத்துணி அடைத்துத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும், அதை அவள் சொல்லாமலே தெரிந்துகொண்டு பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தவன், அதை நினைத்ததும் தொண்டை வரைக்கும் வந்திருந்த பேச்சு மறுபடி கீழே இறங்கிப்போய்விட்டது. சேலைத் தலைப்பை வாய்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இடது கண் எரிந்தது. அந்தக் கண் தானாக மூடாது, ஆள்காட்டி விரலால் இமையைப் பிடித்துக் கடை ஷட்டரை இறக்குவது போல இறக்கிவிட வேண்டும், இறக்கினாள், கையை எடுத்ததும் ஷட்டர் பாதிக்கு ஏறிக்கொண்டது, இந்தக் கூத்தை வேறு யாருக்காவது என்றால் பார்த்துச் சிரிசிரி என்று சிரித்திருப்பாள். சிரிப்புக்கென்றே பேர் வாங்கியவள் அவள், தெருவில் தண்ணீர் லாரி வரும்போது அவள் சிரிப்பு கேட்டுத்தான் லாரி வந்துவிட்டது என்று தெரியும் என்பார்கள், இப்போது சிரித்தால் பாதி முகம் கல்யாண வீட்டிலும் பாதி முகம் இழவு வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

“தண்ணி குடிக்கிறியா?” என்றான் அண்ணன். வேண்டாம் என்று தலையாட்டினாள். குடித்தால் இடது கடைவாயில் ஒழுகும், ஒழுகினால் அவன் தன் துண்டை எடுத்துத் துடைப்பான், காலையில் பஸ்ஸில் அப்படித்தான் துடைத்தான், துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன் கண்ணைக் கசக்கியதை அவள் பார்த்தாள். “நீ ஒன்னும் பயப்படாத ஆத்தா. மனுவுல எல்லாம் எழுதிட்டேன். உள்ள போனதும் அந்தப் பெரிய டாக்டர் கையிலயே குடுக்கேன். மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காக. அந்தப் பொம்பள டாக்டர நான் சும்மா விடப்போறதில்ல.” அந்தப் பொம்பள டாக்டர். டாக்டர் பெனிட்டா. அவளைவிட ரெண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், கழுத்தில் குழாயைப் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு வார்டுக்குள் ஓடி ஓடி வரும் பிள்ளை. இன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை இந்த வராந்தாவில் வந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணன் எழுந்து மறித்தான். “எந்தங்கச்சி மூஞ்சியப் பாருங்க. பாத்தீகளா? காதுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா முகத்த வெட்டி விட்ருக்கீக. இத மறைச்சு நல்லா இருக்குன்னு எழுதி வேற வச்சிருக்கீக.” டாக்டர் பெனிட்டா அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. “எப்பயிருந்து? நாகஜோதி, எப்பயிருந்து இப்படி இருக்கு?” என்று அவளிடம்தான் கேட்டது, அவளிடம் மட்டும்தான், அண்ணனைத் தாண்டி எட்டிப் பார்த்து. அவள் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “ஆபரேஷன் பண்ணுன அன்னையில இருந்து!” என்று அண்ணன்தான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவள் அவனிடம் என்ன சொன்னாளோ அதைத்தான் சொன்னான். அப்போது பின்னால் வந்த பெரிய டாக்டர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வார்டுக்கார ஆயாவும் சீட்டு எழுதுகிற பையனும் கேட்க, “தினமும் பாத்தியா, இல்ல பாக்காமலே நார்மல்னு எழுதிட்டுப் போனியா?” என்று கேட்டார். “பாத்தேன் சார்” என்றது அந்தப் பிள்ளை. அவர் உள்ளே போய்விட்டார். பாத்தேன் சார். அந்தக் குரல் வலது காது வழியாக உள்ளே போய், அடைத்து வைத்திருக்கிற இடது காதில் வெளியேற வழி இல்லாமல் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பார்த்ததுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடக்கையில் பார்த்தது, புதன்கிழமை ரெண்டு தரம், வியாழக்கிழமை ரெண்டு தரம். கண்ண இறுக்க மூடுங்க, நெத்தியச் சுருக்குங்க, கன்னத்த உப்புங்க, பல்லக் காட்டுங்க. இடது காதிலிருந்து சின்ன வயதிலேயே சீழ் வரும் அவளுக்கு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், அதனாலேயே பத்தாவது வரைக்கும் இடது ஓரத்து ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள், பிள்ளை பெற்ற பிறகு தலைசுற்றலும் சேர்ந்துகொள்ள, ஸ்கேன் எடுத்துப் பார்த்து உள்ளே எலும்பை அரித்திருக்கிறது, விட்டால் மூளைக்குப் போய்விடும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் பெனிட்டா அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் காது படம் போட்டுக் காட்டியது. “முகத்த அசைக்கிற நரம்பு இந்தக் காதுக்குள்ளதான் போகுது, நூல் மாதிரி. நாங்க அதுக்குப் பக்கத்துலதான் வேலை செய்யணும். கவனமாத்தான் செய்வோம். ஆனாலும் சில பேருக்கு முகம் இழுத்துக்கும், அப்பவே வரலாம், நாலஞ்சு நாள் கழிச்சும் வரலாம். தண்ணி ஒழுகுது, கண்ணு மூட மாட்டேங்குதுன்னா எந்த நேரமா இருந்தாலும் உடனே சொல்லணும். மறைக்கக் கூடாது.” புரிஞ்சுதா என்று கேட்டது. புரிந்தது. நல்லாவே புரிந்தது. தையல் மிஷினில் நூல் கோத்துப் பழகியவளுக்கு நூல் என்றால் புரியாதா. புரிந்துதான் கையெழுத்துப் போட்டாள், கைநாட்டுக்கூட இல்லை, எழுத்துக் கூட்டி நாகஜோதி தவசிலிங்கம் என்று புருஷன் பேரையும் சேர்த்து. ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பளையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று மனுவில் அண்ணன் எழுதியிருக்கிறான், அவன் வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது, வலது காது மடலும் சுட்டது, கட்டுக்குள்ளிருந்த இடதும் சுட்டது. கன்னத்த உப்புங்க என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது அவள் பலூன் மாதிரி உப்பிக் காட்டுவாள், பக்கத்துக் கட்டில் அக்கா சிரிப்பாள், “இந்தம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணுனமா, கல்யாணம் பண்ணி வச்சமான்னு தெரியல, இப்படிச் சிரிக்குறீங்க” என்று டாக்டர் பெனிட்டாவும் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அது நார்மல் என்று எழுதியது.

முப்பத்தேழு. ஒரு தாத்தா தடியை ஊன்றி எழுந்து போனார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில்கூட நன்றாக இருந்தது, பத்து மணிக்கு டாக்டர் பெனிட்டா வந்து பார்த்துவிட்டு, பெரிய டாக்டரிடம் பேசிட்டேன், இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம், விசேஷத்துக்குப் போய்ட்டு வாங்க, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்க வந்துரணும் என்றது. திங்கள்கிழமை அனுப்பலாம் என்றிருந்த பெரிய டாக்டரிடம், பிள்ளைக்குக் காதுகுத்து சார் என்று இதுதான் கெஞ்சியது. அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மத்தியானம் ஒரு மணி இருக்கும், சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் வாய் கொப்பளித்தாள். தண்ணீர் நேரே தெறிக்காமல் இடது கடைவாயில் வழிந்து ஜாக்கெட்டில் இறங்கியது. சரியாகக் கொப்பளிக்கவில்லை போல என்று இன்னொரு வாய் வைத்தாள். அதுவும் வழிந்தது. குழாய்க்கு மேலே ஓரம் உடைந்த கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது, அதில் பல்லைக் காட்டினாள், வலது பக்கம் எல்லாப் பல்லும் தெரிந்தது, இடது பக்கம் உதடு யோசித்துக்கொண்டு நின்றது. கண்ணை மூடினாள், மூடிய கண்ணால் எப்படிக் கண்ணாடி பார்ப்பது, விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், இமைக்கு நடுவில் கோடாக ஈரமான முழி தட்டுப்பட்டது. அப்போது ஓடியிருக்க வேண்டும். நர்ஸ் மேஜை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஓடத்தான் திரும்பினாள். திரும்பும்போது மனசில் வந்தது மூளையோ நரம்போ இல்லை, அடித்த பத்திரிகைதான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், தாய்மாமன் சோ. சோலையப்பன் மடியில் வைத்து. சொன்னால் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தால் காதுகுத்து நின்றுபோகும். நின்றால் அண்ணன் வரமாட்டான். பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வாசலைத் தாண்டும்போது டாக்டர் பெனிட்டா எதிரே வந்தது, கையில் டப்பா, அப்போதுதான் சாப்பிடப் போகிறது போல. “கிளம்பியாச்சா? எல்லாம் சரியா இருக்குல்ல?” தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கப்படுகிறவள் மாதிரி, தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை. அந்த ஒரு ஆட்டு ஆட்டாமல் இருந்திருந்தால். வாயால்கூடச் சொல்லவில்லை, தலையைத்தானே ஆட்டினேன் என்று ரெண்டு நாளாக அவள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஒழுகிவிடுகிறது, எதுவும் வாயில் நிற்பதில்லை.

அண்ணன் வராமலிருந்தது மூன்று வருஷம். கொழுந்தன் கல்யாணத்தில் அண்ணனைப் பந்திக்கு வாங்க என்று யாரும் கையைப் பிடித்து அழைக்கவில்லை. கூட்டம், அவசரம், தவசிலிங்கம் மாப்பிள்ளைத் தோழனாக மேடையில் நிற்க, மாமனார் சமையல்காரரோடு மல்லுக்கட்ட, அண்ணன் மண்டபத்துத் தூண் ஓரத்தில் நாலு பந்தி போகிற வரைக்கும் நின்றிருக்கிறான். அவள் வயிற்றில் அப்போது லக்சிதா ஏழு மாசம், கால் வீங்கி உள்ளே படுத்திருந்தாள். நாலாவது பந்தி எழுந்ததும் அவன் பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு பிள்ளை பிறந்ததற்கு வந்தான், ஆஸ்பத்திரியோடு சரி, புருஷன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. “ஒரு வா சோத்துக்கு ஆள் இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?” தவசிலிங்கமும் லேசுப்பட்டவனில்லை, “உங்கண்ணன் பெரிய சமஸ்தானம், பல்லக்கு அனுப்பணுமாக்கும்” என்பான். நடுவில் அவள் சிரித்துச் சிரித்து ரெண்டு பக்கமும் போனில் பேசி, இவன் சொன்னதை அவனிடம் இனிப்புத் தடவிச் சொல்லி, அவன் சொன்னதை இவனிடம் முள் எடுத்துச் சொல்லி, மூன்று வருஷம் கழித்து ஒருவழியாகத் தவசிலிங்கம் தாம்பூலத் தட்டோடு நேரே போய் அழைத்தான், அண்ணனும் வரேன் மாப்ள என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பட்ட பாடு இந்தக் காது ஆபரேஷனில்கூடப் படவில்லை. தேதி தள்ளிப்போனால், பாத்தியா, நான் வாரேன்னதும் நிறுத்திட்டாக என்று அவன் நினைப்பான், நினைக்கக்கூடிய ஆள்தான். அதனால்தான். அதனால்தான் என்று சொல்லிப் பார்க்கும்போது நியாயமாகத்தான் படுகிறது, அதோடு நிறுத்தியிருந்தால் நியாயம்தான், தன் வாயைத் தானே பறிகொடுத்தாள் என்று போயிருக்கும். அதற்குப் பிறகு சொன்ன பொய்க்குக் காரணமாக அண்ணனும் இல்லை, பத்திரிகையும் இல்லை, அவளுடைய மானம் மட்டும்தான் இருந்தது.

முப்பத்தெட்டு. பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் இப்படித்தான் பார்த்தார்கள், முதலில் பார்க்கவில்லை, முதலில் அவள் சாமர்த்தியம் நன்றாகவே வேலை செய்தது. ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். “வாயில என்னடி?” என்றால் கற்கண்டு என்பாள், கன்னம் தொங்குவதற்கும் பேச்சுக் குழறுவதற்கும் அதுவே காரணமாகிப் போனது, சந்தோஷத்தில் திங்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். கரையக் கரைய இன்னொரு கட்டி. அந்தக் கன்னம் அதை வெளியே தள்ளாது, மறைவாகப் போய் விரலை விட்டு எடுக்க வேண்டும், நாக்குக்குத் தித்திப்புத் தெரிகிறது, கன்னத்துக்குத் தள்ளத்தான் தெரியவில்லை. கோயில் மரத்தடியில் அண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது, ஆசாரி காதைத் தடவித் தடவிப் பேச்சுக் கொடுத்து சட்டென்று குத்தினார், லக்சிதா வீறிட்டாள், அண்ணன் அவள் வாயில் வாழைப்பழத்தை வைத்தான், தவசிலிங்கம் அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “மச்சான், மொதப் பந்தியில நீங்கதான்” என்றான், அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்துச் சிரிப்பு. கற்கண்டு தெறித்து மண்ணில் விழுந்தது. “அக்கா, இங்க பாருங்க, சிரிங்க, இன்னும் நல்லாச் சிரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்த போட்டோ எடுக்கிற தம்பி கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். புருஷனைப் பெற்ற அத்தைதான் பக்கத்தில் வந்து மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். “என்னடி இது, வாய் ஒரு பக்கமாப் போவுது? எப்பருந்து இப்படி இருக்கு?” கூட்டம் திரும்பியது. வெள்ளிக்கிழமை என்று சொன்னால், வெள்ளிக்கிழமையே தெரியும்னா அங்கனயே ஏன்டி சொல்லல, கட்டுப்போட்ட தலையும் கோணல் வாயுமா நல்ல காரியத்துக்கு எதுக்குடி வந்து நின்ன என்பாள் அத்தை, வாய்க்குள் கற்கண்டை வைத்து எல்லோரையும் ஏமாற்றியதும் வெளியே வரும். “ஆபரேஷன் முடிஞ்சதுலருந்தே அத்தை. அவுகளுக்குத் தெரியும், சரியாயிரும்னு சொன்னாக.” இதுதான் அவள் சொன்னது. யோசித்துச் சொன்னதுகூட இல்லை, வழிந்துவிட்டது, அந்தக் கடைவாயில் தண்ணீர் வழிகிற மாதிரியே. வழிந்ததை அண்ணன் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அத்தை புறா ரத்தம் தடவணும் என்றாள், யாரோ காற்றுச் சேட்டை என்றார்கள், அண்ணன் மட்டும், “எந்த டாக்டர்? பேரென்ன?” என்று கேட்டான். அவள் பெயரைச் சொன்னாள். அதையும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் பிள்ளையோடு படுத்திருந்தபோது லக்சிதா அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, “அம்மா, நீ ஒத்தக் கண்ணுல தூங்குற. இன்னொரு கண்ணு யாரப் பாக்குது?” என்றாள்.

“வாதமாத்தா?” என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா. “இல்லம்மா. காது ஆபரேஷன்.” “அடப் பாவமே. எப்பருந்து?” ஊர் உலகத்தில் வேறு கேள்வியே கிடையாதா. எத்தனை பிள்ளை, எந்த ஊர், என்ன சாப்பிட்டாய், எதையும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் எப்பருந்து என்பதுதான் வேண்டும். அவள் பதில் சொல்வதற்குள் அண்ணன் எட்டிப் பார்த்து, “ஆபரேஷன் பண்ணுன அன்னைக்கே போச்சுங்கம்மா. நரம்ப வெட்டிட்டாக. இப்ப காலைல பெரிய டாக்டர் பின்னாலயே போய்க் கேட்டேன், அன்னைக்கே வந்ததுன்னா மறுபடி காதத் திறந்து பாத்துத்தான் ஆகணும்ங்கிறாரு. இன்னைக்கே சேத்துக்கிறாகளாம்” என்றான். மறுபடி திறந்து பார்ப்பதா. இதைக் காலையில் அவன் சொல்லவேயில்லை, பயப்படுவாள் என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். மறுபடி அந்த மேஜை, அந்த வெளிச்சம், மறுபடி காதுக்குப் பின்னால் வெட்டி, வெட்டாத நரம்பை வெட்டினதா என்று தேடி, தேடுகையில் நிஜமாகவே. அவள் வாயிலிருந்து வந்த பொய்க்கு அவள் தலையையே திறக்கப் போகிறார்கள். சொல்லு. இப்பச் சொல்லு. அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினாள், அவன் உடனே குனிந்தான், “என்ன ஆத்தா, வலிக்குதா?” அவன் முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது, மீசையில் ரெண்டு நரை இருந்தது, மூன்று வருஷத்தில் வந்த நரை, ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியில் உட்கார்ந்து, போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை மறித்தவனுடைய முகம், அதில் இப்போது கொதிப்பும் பாசமும் தவிர ஒன்றுமில்லை, இதைத் திருப்பி என் பக்கம் காட்டினால் எப்படி இருக்கும். “ஒன்னுமில்ல” என்றாள். முப்பத்தொன்பதைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று நாற்பதைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் தின்றுபோனது. இப்படித்தான் தின்கிறது, நினைத்துக்கொண்டே இருந்தால் நேரம் தானாகக் கரைகிறது, சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன, திறந்து பார்க்கட்டும், நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிவிடுவார்கள், அந்தப் பிள்ளைக்கும் குற்றமில்லை என்று தெரிந்துவிடும், ஒருவருக்கும் நஷ்டமில்லை, என்று ஒரு யோசனை வந்தது, வந்த யோசனையை அவள் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் அருவருப்பாக இருந்தது, எச்சில் ஊறியது, ஊறியது வழிந்தது. இவ்வளவு கெட்டிக்காரியா நீ. மூஞ்சி போனதுகூடக் கோணல்தான், உள்ளே அதைவிடக் கோணலாகக் கிடக்கிறது, அதற்கு எந்தக் கட்டு போடுவார்கள்.

நாற்பத்தொன்று. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்று காலையிலேயே காவலாளி மறித்ததால் தவசிலிங்கம் வராந்தாவின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தான், அண்ணன்தான் கூட வந்தான். உள்ளே பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பெனிட்டா சுவரோரமாக அவளுடைய கேஸ் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது, மூக்கு நுனி சிவந்திருந்தது, அழுத மூக்கு, பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியாதா. பெரிய டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினாள். “கேஸ்ல நாலு நாளும் நார்மல்னு இருக்கு. நீங்க அன்னைக்கே போச்சுங்கிறீங்க. எது சரின்னு எனக்குத் தெரியணும்மா. மயக்கம் தெளிஞ்சப்பவே இப்படி இருந்துச்சா? அதப் பொறுத்துத்தான் நான் திறக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.” அண்ணன் மனுவை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டான். “அதான் சொல்றமே சார், அன்னைக்கே—” “அன்னைக்கு இல்ல” என்றாள் நாகஜோதி. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை, உதடு ஒட்டாத எழுத்தெல்லாம் காற்றாகப் போனது, அதனால் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது, ஒரு தரம் சொல்வதே பெரும்பாடு என்றிருந்தவள் ரெண்டு தரம் சொன்னாள். “அன்னைக்கு நல்லா இருந்துச்சு சார். புதன், வியாழன் நல்லா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைல டாக்டர் பாத்தப்பவும் நல்லா இருந்துச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு வாய் கொப்பளிச்சப்ப ஒழுகுச்சு. கண்ணாடியிலயும் பாத்தேன். டாக்டர் எதுக்க வந்து கேட்டாங்க. நான்தான் வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல.” சொல்லி முடித்ததும் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. சட்டையில்லாமல் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது.

பெரிய டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “மணி ஒன்னு. நிச்சயமா?” “நிச்சயம் சார்.” அவர் எழுதினார். “அப்ப நரம்பு அறுபடல. வீக்கம். திறக்க வேண்டாம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம், பெரும்பாலும் திரும்பி வந்துரும். ஆனா நாலு நாள் வீணாப் போச்சு, முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.” பிறகு டாக்டர் பெனிட்டா பக்கம் திரும்பி, “சரி” என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி காலையில் கேட்ட கேள்விக்குப் போதாது என்று நாகஜோதிக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை. டாக்டர் பெனிட்டா வந்து காதுக்குப் பின்னால் தையல் பிரித்தது. கை பதமாகத்தான் இருந்தது, பேச்சுத்தான் இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டு, இமையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டக் காட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான், பிளாஸ்திரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, குரலை உயர்த்தாமல், “வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா உங்களப் படுக்க வச்சிருக்க மாட்டேன் நாகஜோதி. மாத்திரையக் குடுத்து விசேஷத்துக்கு அனுப்பியிருப்பேன். இதே மாத்திரைதான்” என்றது. அவ்வளவுதான் சொன்னது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அண்ணன் இன்னும் பையில் விட்ட கையோடு நின்றுகொண்டிருந்தான். “அம்மா, நான் காலைல பேசுனது…” என்று தொடங்கினான். “அடுத்த ஆள் நிக்கிறாங்க” என்றது டாக்டர் பெனிட்டா, கோபமாக இல்லை, உண்மையாகவே அடுத்த ஆள் நின்றார்.

வெளியே வராந்தாவில் அவன் அவளுக்கு முன்னால் நாலடி போய் நின்றான். “ஏன் புள்ள?” “சொன்னா விசேஷம் நின்னுரும். நின்னா நீ வரமாட்ட.” அவன் அவளைப் பார்த்தான், பிறகு சுவரில் ஒட்டியிருந்த காசநோய் நோட்டீஸைப் பார்த்தான், அதை முழுவதும் வாசிக்கிறவன் போல வெகுநேரம் பார்த்தான். “நாந்தான அப்ப” என்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, ரெண்டுமே பாதி பாதிதான் உண்மை, அதைப் பிரித்துச் சொல்ல இந்த வாய் போதாது. கம்பிக் கதவைத் தாண்டியதும் தவசிலிங்கம் ஓடி வந்தான். “என்ன சொன்னாக? திறக்கணுமாமா? அந்த டாக்டரம்மா ஒத்துக்கிருச்சா?” ஒரு தரம் சொன்னால் போதும் என்றல்லவா இருந்தாள் நாகஜோதி, இப்போது இவனிடம், பஸ் இறங்கினால் அத்தையிடம், மனுவில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரிடம், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்த கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். “ஒன்னுமில்ல மாப்ள. நமக்கு அந்த டாக்டர் சொன்னது சரியா வெளங்கல போல. இந்தா இடையிலதான் வந்திருக்கு, தங்கச்சிக்கே தெரியல, தூக்கத்துல வந்திருக்கும்கிறாக. மாத்திரையிலயே—” சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. எவ்வளவு அழகாகச் சொல்கிறான், தங்கச்சிக்காக எவ்வளவு லேசாக வருகிறது பொய், கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், தலையைக்கூட ஆட்ட வேண்டாம். தவசிலிங்கம் நம்பத் தொடங்கியது அவன் தோள் இறங்கியதில் தெரிந்தது. “நீ பேசாத இரு அண்ணே” என்றாள் நாகஜோதி. வாயில் இருந்த தலைப்பை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். “இப்படிக் கொஞ்சம் உட்காருங்க. நான் சொல்றேன்.”